கொடி கம்பத்தில், கோப்பை நந்தியில்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் ஒயின் தோட்டம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். வண்டி ஏன் தேனிப் பக்கம் திரும்பாமல் பெங்களூர் பக்கம் ஓடுகிறது?

வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் பூந்தமல்லி பைபாஸ் ஓரம் நிற்கும் டெம்போ டிராவலர்களில் பெரும்பாலானவை கோயிலுக்குப் போகிறவை. முன்கண்ணாடியில் வேப்பிலையும் எலுமிச்சையும் தொங்கினால் மேல்மலையனூர். உள்ளே மொட்டைத் தலைகள் தெரிந்தால் திருப்பதியிலிருந்து திரும்புகிற வண்டி. ஏலகிரி, மைசூர் என்று போகும் கோஷ்டி தனி. அந்தக் கோஷ்டியில் இப்போது ஒரு புது ரகம் முளைத்திருக்கிறது. 'எங்கே சார் பயணம்?' என்று கேட்டால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துவிட்டு, 'ஒயின் தோட்டம் பார்க்கப் போறோம்' என்கிறார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் குடி என்றால் டாஸ்மாக் கம்பி வலைக்குள் கையை நுழைத்து வாங்கும் குவார்ட்டர்தான் கண்முன் வரும். அதற்காக 350 கிலோமீட்டருக்கு மேல் வண்டி கட்டிக்கொண்டு, அதுவும் மனைவியையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் தெருவே சிரிக்கும். ஆனால் போகிறார்கள். சிறு பட்டறை முதலாளிகள், ஐ.டி. பூங்காக்களில் வேலை பார்க்கும் இளைஞர்கள், ஓய்வு பெற்ற ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்காரர்கள் எல்லோரும் இதில் உண்டு.

போகிற இடம் பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலை அடிவாரம். தமிழ்நாட்டின் திராட்சைப் பள்ளத்தாக்கோ வேறு திசையில், தெற்கே தேனி மாவட்டத்துக் கம்பத்தில் இருக்கிறது. அங்கே பந்தல் பந்தலாகப் பழுக்கிற பழம் ஜூஸ் கடைக்கும் கோயம்பேட்டுக்கும் போய்ச் சேருகிறது. சொந்த மாநிலத்துக் கொடியை விட்டுவிட்டு அடுத்த மாநிலத்துக் கோப்பையைத் தேடிப் போகிறோமே, ஏன்? இரண்டு இடத்தையும் பார்த்துவிடுவது என்று முதலில் பெங்களூர் வண்டியில் தொற்றிக்கொண்டோம்.

ராத்திரி வண்டி

ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. வழியில் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் தூங்கிக்கொண்டு வந்தார்கள். கிருஷ்ணகிரி தாண்டியதும்தான் ஜன்னல் ஓரத்துக்காரர்கள் சால்வையைத் தேடினார்கள். இந்தக் குளிர்தான் விஷயமே. சென்னையின் மேற்குப் புறநகர் கடல் மட்டத்துக்குச் சற்று மேலே கிடக்கிறது. தொட்டபள்ளாபுரம் பக்கம் சுமார் 900 மீட்டர் உயரம். 1,478 மீட்டர் உயர நந்தி மலை அதற்கும் மேலே நிற்கிறது. பகல் வெயிலில் திராட்சைக்குச் சர்க்கரை ஏறும், இரவுக் குளிரில் புளிப்பு குறையாமல் நிற்கும். ஒயினுக்கு இரண்டும் வேண்டும். ராத்திரியும் புழுங்குகிற ஊரில் புளிப்பு கரைந்துபோய் வெறும் இனிப்புதான் மிஞ்சும்.

இந்தக் கணக்கைப் போட்டு இங்கே முதலில் துணிந்தவர் கன்வல் குரோவர். பிரான்சின் ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸ்ஸெல் என்ற நிபுணரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 1988-ல் நந்தி மலை அடிவாரத்தில் பிரெஞ்சு ரகக் கொடிகளை நட்டார். அப்போது இந்தப் பகுதியில் திராட்சை என்றால் பெங்களூர் நீலம்தான். நம் ஊர் தள்ளுவண்டியிலும் கிடைக்கிற, தோல் தனியாக வழுக்கிக்கொண்டு வரும் கருநீலப் பழம். அதற்கு 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஒயின் ஆலோசகர் மிஷேல் ரோலான் குரோவருக்கு வழிகாட்ட வந்தார். 2012-ல் நாசிக்கின் ஜாம்பாவோடு இணைந்து குரோவர் ஜாம்பா ஆனது. குரோவர் வழியில் வேறு சிலரும் வந்தார்கள். கர்நாடக அரசு 2007-ல் ஒயினுக்கென்றே கொள்கை வகுத்து, தனி வாரியமும் அமைத்தது. அதன் பிறகு பெங்களூரைச் சுற்றி இது ஒரு சனிக்கிழமைப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது.

முதலாளியும் டேங்க்கும்

எங்கள் வண்டியில் ஒயினைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றித் தெரியாதவர் குறைவு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபேப்ரிகேஷன் ஷாப் நடத்துகிற ஒருவர் வந்திருந்தார். வண்டியில் எல்லோருக்கும் அவர் 'முதலாளி'. வழிகாட்டிப் பையன் கொடிகளைக் காட்டி ஷிராஸ், கேபர்னே, செனின் பிளாங்க் என்று பெயர் சொல்லிக்கொண்டே போக, முதலாளி தலையாட்டிக்கொண்டு வந்தார். ஆலைக்குள் நுழைந்ததும் ஆளே மாறிவிட்டார்.

வரிசையாக ஆளுயரத்துக்கு மேல் டேங்க்குகள். முதலாளி நேராகப் போய் வெல்டிங் தையல் மேல் விரலை ஓட்டினார். "ஆர்கான் அடிச்சிருக்கான். பஃபிங் நல்லா இருக்கு. 304 ஷீட்டுதானே தம்பி?" பையன் முழித்தான். டேங்க்கின் இடுப்பில் இரட்டைச் சுவர். அதற்குள் குளிரூட்டிய திரவம் ஓடுகிறது. "நம்ம ஆவின் பண்ணையில இருக்கிற அதே சமாச்சாரம்பா. பாலுக்குப் பதிலா பழச்சாறு, அவ்வளவுதான்."

அவர் சொன்னது முக்கால்வாசி சரி. ஒயின் என்பது அடிப்படையில் வெப்பத்தைக் கட்டி மேய்க்கிற வேலை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடும்போது டேங்க் சூடாகும். விட்டால் ஈஸ்ட்டே செத்துவிடும், வாசனையும் ஆவியாகிவிடும். வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து தோலைத் தள்ளிவிட்டு, சாற்றை மட்டும் 15 டிகிரி வாக்கில் வைத்து நிதானமாக நொதிக்க விடுகிறார்கள். சிவப்பில் தோலும் சேர்ந்தே ஊறும், வெப்பம் 25 டிகிரிக்கு மேல் போகலாம். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. நொதிக்கும்போது தோல் எல்லாம் மேலே மிதந்து கெட்டியான மூடியாகிவிடும். அடியிலிருந்து சாற்றை பம்ப் வைத்து மேலே ஊற்றி அந்த மூடியை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்த காடியாகும். அறுவடை மாதங்களான ஜனவரி முதல் மார்ச் வரை ஆலையில் இரவு பகல் கிடையாது. மற்ற மாதங்களில் போனால் பளபளக்கும் பாத்திரங்களையும் கழுவிவிட்ட தரையையும்தான் பார்க்கலாம். போவதென்றால் பிப்ரவரியில் போங்கள்.

ஆவடி தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் இதுவரை வாயே திறக்கவில்லை. பீப்பாய் அறையில் திறந்தார். பிரெஞ்சு ஓக் மரத்தில் செய்த 225 லிட்டர் பீப்பாய்கள், ஒவ்வொன்றின் முகத்திலும் சாக்பீஸ் எழுத்து. "இதுல எத்தனை ரிஜெக்ட் ஆவும்?" என்றார். பையனுக்குக் கேள்வி புரியவில்லை. பெரியவர் பொறுமையாக விளக்கினார்: பத்து பீப்பாயில் ஒரே சாற்றை ஊற்றினால் பத்தும் ஒரே மாதிரி வருமா, வராவிட்டால் மாறியதை என்ன செய்வீர்கள்? வராது என்று ஒப்புக்கொண்ட பையன், ஒன்றோடு ஒன்று கலந்து சரிசெய்வதுதான் ஒயின் தயாரிப்பாளரின் கைவேலை என்றான். "அப்ப ரீவொர்க்" என்று பெரியவர் திருப்தியோடு நகர்ந்தார். பீப்பாய் மரத்தின் நுண்துளை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போய் ஒயினின் முரட்டுத் துவர்ப்பைத் தணிக்கும் என்பதையும், சில முறை பயன்படுத்தியதும் மரத்தின் வாசனை தீர்ந்து பீப்பாய் பூந்தொட்டியாகிவிடும் என்பதையும் அந்த அறையில்தான் கேட்டுக்கொண்டோம்.

துப்பும் கிண்ணம்

பிறகு எல்லோரும் காத்திருந்த கட்டம். நீள மேஜை, ஆளுக்கு வரிசையாகக் கோப்பைகள், சீஸ் துண்டு, உப்பு பிஸ்கட். ஊற்றிக் கொடுத்தது ஒரு இளம் பெண். ஒவ்வொரு கோப்பையிலும் இரண்டு மடக்கு தேறாது. 'இவ்ளோதானா?' என்ற கேள்வி மேஜை முழுக்க ஓடியது.

முதலில் பார்க்க வேண்டும், அப்புறம் கோப்பையைச் சுழற்ற வேண்டும், மோந்து பார்க்க வேண்டும், கடைசியில்தான் வாய். வாயில் வைத்ததை விழுங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, துப்புவதற்கென்றே கிண்ணம் இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னதும் மேஜையில் ஒரு கணம் அமைதி. காசு கொடுத்து வாங்கியதைத் துப்புவதா? தமிழ்நாட்டில் இதுவரை யாரும் செய்யாத காரியம். கடைசிவரை அந்தக் கிண்ணம் காய்ந்தே கிடந்தது. எங்கள் டிரைவருக்கு மாம்பழ ஜூஸ் வந்தது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்பதுதான் சட்டம் விடும் எல்லை. அதற்கு மேல் ஊதினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு.

சோவிக்னான் பிளாங்க்கில் 'பச்சைக் குடமிளகாய் வாசனை வருகிறதா?' என்று அந்தப் பெண் கேட்டார். அம்பத்தூர் ஐ.டி. பூங்காவில் வேலை செய்யும் பெண் வருகிறது என்றார். அவர் கணவர் வரவில்லை என்றார். பெரியவர் குறுக்கிட்டார்: "இந்த வாசனையை எந்த கேஜ் வெச்சு அளக்கறீங்க மேடம்?" சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் கேள்வியில் தவறில்லை. குடமிளகாய் வாசனைக்குப் பைரசீன் என்ற வேதிப்பொருள் காரணம். ஆய்வகக் கருவி அதை அளந்துவிடும், மேஜையில் மூக்குதான் கருவி.

சிவப்புக்கு வந்தபோது பாதிப் பேருக்கு முகம் சுளித்தது. இனிப்பே இல்லாமல் நாக்கை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு. கேக்கோடு குடிக்கும் இனிப்புக் கிறிஸ்துமஸ் ஒயினை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது ஏமாற்றம்தான். என் கணிப்பில் இந்தச் சுற்றுலாவின் உண்மையான சரக்கு ஒயின் இல்லை. குடிப்பதை வெளிச்சத்தில், மேஜையில், மனைவி பக்கத்தில் இருக்க, பேசிக்கொண்டு, கொஞ்சமாகச் செய்ய ஓர் இடம் கிடைக்கிறது. இங்கே குடிக்கு அப்படி ஓர் இடம் எப்போதும் இருந்ததில்லை.

ஓசூரில் நிற்கும் சட்டம்

வாசலில் கடை. ஆளுக்கு இரண்டு பாட்டில் கையில் எடுத்துவிட்டார்கள். பெரியவர்தான் ஞாபகப்படுத்தினார்: "ஓசூர்ல நிறுத்துவான்." எடுத்த பாட்டில்கள் மறுபடி அலமாரிக்குப் போயின. வெளிமாநில மதுவை அனுமதி இல்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரும், வண்டியும் மாட்டும். அந்தச் சட்டம் 1937-ல் ராஜாஜி கொண்டுவந்தது. சேலம் மாவட்டத்தில்தான் முதலில் அமலுக்கு வந்தது. ஓசூரும் அன்றைய சேலம் மாவட்டம்தான். 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, மறுபடி இறுகியது, மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இத்தனைக்கும் பிறகு சட்டத்தின் பெயர் இன்றும் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. விற்பவரும் அரசு, விலக்குபவரும் அரசு.

ஐ.டி. பெண் இரண்டு காலிக் கோப்பைகளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மகாராஷ்டிரம் இதையே வேறு மாதிரி பார்த்தது. ஓயாமல் விலை விழும் திராட்சையை என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கேள்வி. 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஒயினைச் சாராயத்தோடு சேர்க்காமல் விவசாய விளைபொருளின் பக்கம் நகர்த்தி, வரிச்சலுகை கொடுத்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் ராஜீவ் சமந்த் என்ற இளைஞர், அமெரிக்க வேலையை விட்டுவிட்டு, நாசிக்கில் குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சை நட்டிருந்தார். அதுதான் சூலா. 2005-ல் தோட்டத்திலேயே சுவைக்கூடம் திறந்தார், 2022 டிசம்பரில் நிறுவனம் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. அங்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தபோது அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்று கிளம்பினார். விஷயம் அப்படியே கிடப்பில் போய்விட்டது.

பரணியில் பன்னீர்

சென்னையின் இந்தப் பக்கத்துக்கு ஒயின் அந்நியமும் இல்லை. பெரம்பூரில் 1856-ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது, 1955-ல் ஐ.சி.எஃப். வந்தது. ரயில்வேயோடு வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெரம்பூர், அயனாவரத்தில் தொடங்கி ஆவடி வரை குடியேறின. கிறிஸ்துமஸுக்கு முன்பு கோயம்பேட்டில் பன்னீர் திராட்சை கிலோ கிலோவாக வாங்கி, ஈரம் போகத் துடைத்து, நசுக்கி, சர்க்கரையும் கொஞ்சம் கோதுமையும் பட்டை கிராம்பும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். தினமும் மரக் கரண்டியால் கிளற வேண்டும், கை படக்கூடாது. டிசம்பர் மூன்றாம் வாரம் வடிகட்டினால் கேக்கோடு ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ். சட்டம் பேசினால் இதுவும் உரிமம் இல்லாத தயாரிப்புதான். தேவாலயங்களில் பூசைக்கு வைக்கும் ஒயினுக்கு மட்டும் அரசு 1984-ல் தனி விதிகள் வகுத்திருக்கிறது.

ஜாடிக்குள் போகிற அந்தப் பன்னீர்ப் பழம் பெரும்பாலும் கம்பத்திலிருந்து வருவது.

பந்தலுக்குக் கீழே

கம்பத்துக்குப் போவது இப்போது சுலபம். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்த 2011-ல் மூடினார்கள். தேனி வரை திறக்கவே 2022 மே ஆயிற்று. 2023 ஜூன் 15 முதல் சென்ட்ரலிலிருந்து போடிநாயக்கனூருக்கு வாரம் மூன்று நாள் நேரடி ரயில் ஓடுகிறது. அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போகிறது, நிற்பது மட்டும் இல்லை. இரவு ஏறினால் காலையில் தேனி. அங்கிருந்து சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம் சுமார் 40 கிலோமீட்டர். வார நாளில் போனால் மறுநாள் இரவே திரும்பும் ரயில் கிடைக்கிறது. ஒருநாள் சுற்றுலாவுக்குக் கச்சிதமான அளவு.

சுருளிப்பட்டி சாலையில் இறங்கினால் இரண்டு பக்கமும் பந்தல். கல்தூண் நட்டுக் கம்பி இழுத்து அதன்மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். உள்ளே போக உயரமானவர்கள் தலையைக் குனிய வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும்போது கீழே பச்சை நிழல். கண்மட்டத்துக்குக் கருப்புக் கொத்துகள், ஒவ்வொரு பழத்தின் மேலும் விபூதி பூசிய மாதிரி மெல்லிய வெண்படலம். கேரளத்துக்காரர்கள் தேக்கடி போகிற வழியில் வண்டியை நிறுத்திப் படம் பிடிக்கிறார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப சாமிகள் கூட்டம். தோட்ட வாசலில் ஜூஸும் பழப்பெட்டியும் விற்கிறார்கள். தண்ணீருக்கு முல்லைப் பெரியாறு. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை மேற்கே போன தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பியது. அவர் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கிற வீடுகள் இங்கே உண்டு.

பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு வாங்கியபோது சொல்லப்பட்ட வரலாறு. எனக்கு இதில் ஒரு சந்தேகம். இந்த ரகம் இங்கிலாந்தில் 1850-களில் பிரபலமானது என்றுதான் திராட்சை நூல்கள் சொல்கின்றன. பாதிரியார் கொண்டுவந்தது இதன் உறவுக்கார மஸ்கட்டாக இருக்கலாம், ஆண்டு பிசகியும் இருக்கலாம். பழத்துக்கு அதனால் குறையில்லை. தமிழ்நாட்டுப் பன்னீரில் 85 சதவீதம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் விளைகிறது.

வருடம் முழுக்கப் பழம் கிடைப்பதுதான் கம்பத்தின் விசேஷம். குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி பனிக்காலத்தில் தூங்கி, வருடத்துக்கு ஒருமுறை காய்க்கும். இங்கே கொடிக்குத் தூக்கமே கிடையாது. கவாத்து வெட்டுகிற நாள்தான் அதற்கு வசந்தம். வெட்டியதிலிருந்து சுமார் நூற்றிருபது நாளில் பழம். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றில் துளிர், இன்னொன்றில் பிஞ்சு, அடுத்ததில் அறுப்பு. இரண்டு வருடத்தில் ஐந்து வெள்ளாமை எடுக்கிறார்கள். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகக் கையேடு கணக்குச் சொல்கிறது. இந்தக் கொடிகளுக்கென்றே ஆனைமலையன்பட்டியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

ஒயின்காரர் கண்ணுக்கு இந்த 30 டன்னே குறை. நல்ல ஒயினுக்கு ஒரு கொடியில் குறைவாகத்தான் காய்க்க விடுவார்கள், மிச்சத்தைக் கிள்ளி எறிவார்கள். நந்தியில் பிரிக்ஸ் என்ற சர்க்கரை அளவில் 23 ஏறும்வரை காத்திருக்கிறார்கள். அதில் பாதிக்குச் சற்று மேல் ஆல்கஹாலாகும், அதாவது 12, 13 சதவீதம். கம்பத்தில் 17 வாக்கிலேயே பழத்தை வெட்டிவிடுகிறார்கள். அதற்கு மேல் கொடியில் விட்டால் மழை வந்து பழம் வெடிக்கும், செவட்டை நோய் பிடிக்கும், யாவாரி விலையைக் குறைப்பான். அந்தச் சாறு தானாக நொதித்தால் 9 சதவீதம்தான் தேறும், சர்க்கரை சேர்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

அதனால் பன்னீர் ஒயினுக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சீனாவில் தியன்ஜின் நகரத்து டைனஸ்டி நிறுவனம் 1980-ல் பிரெஞ்சுக் கூட்டாளியோடு தொடங்கியபோது முதலில் கையில் எடுத்தது இதே மஸ்கட் ஹாம்பர்க்கைத்தான். கலிபோர்னியாவின் குவாடி நிறுவனம் இதில் 'எலிசியம்' என்ற இனிப்பு ஒயின் செய்கிறது. ரோஜாப்பூ வாசனைதான் அதன் பெருமை. நாம் பன்னீர் என்று பெயர் வைத்ததும் அந்த வாசனைக்குத்தான். பிரெஞ்சுச் சிவப்பை இங்கே போலி செய்ய நினைத்தால் தோற்போம். லேசான, இனிப்பான, குளிரவைத்துக் குடிக்கும் ஒயின் என்றால் கம்பத்துக்கு ஒரு வழி இருக்கிறது. நந்தி மேஜையில் துவர்ப்புக்கு முகம் சுளித்தார்களே, அவர்களுக்கும் அதுதான் பிடிக்கும்.

அரசு ஒயின் ஆலை வேண்டும் என்று இங்குள்ள விவசாயிகள் பல காலமாகக் கேட்டுவருகிறார்கள். தேனி மாவட்டத்தில் தனியார் ஆலை வந்தது, டாஸ்மாக் அலமாரிக்கு அதன் பாட்டில் போனது. ஆனால் பயணி டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், டேங்க்கைத் தட்டிப் பார்த்து, நான்கு கோப்பை சுவைத்துவிட்டு, வாசலில் ஒரு பாட்டில் வாங்கி வருகிற இடமாக இந்தப் பள்ளத்தாக்கு ஆகவில்லை. தமிழ்நாட்டில் விற்கிற ஒயின் டாஸ்மாக் வழியாக வர வேண்டும். தோட்டக்காரர் தன் வாசலில் விற்க வழியில்லாதவரை நாசிக்கும் நந்தியும் இங்கே முளைக்காது. ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் போதும். பழம் விற்பவருக்கும் பாட்டில் விற்பவருக்கும் நடுவே இருக்கிற பணம் முழுக்க அந்த வாசலில்தான் நிற்கிறது. சிறு தோட்டக்காரர்களுக்கு அந்த உரிமத்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

இதைச் சுருளிப்பட்டிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவரிடம் சொன்னபோது அவருக்கு ஆசை தட்டியது. "யாவாரி கேக்குற வெலைக்கு இது தேவலண்ணே. பழம் மலிஞ்சுபோற மாசத்துல பெட்டிக்கூலிகூடக் கட்ட மாட்டேங்குது" என்றார். கொத்துகளிலிருந்து சொத்தைப் பழத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி திரும்பாமலே கேட்டார்: "தோட்டத்துல குடிக்க விட்டா, நாளைக்குப் பழம் வெட்ட எந்தப் பொம்பள வருவா?" பந்தல் வேலையில் பெரும்பகுதி பெண்கள்தான் செய்கிறார்கள். பிஞ்சு கிள்ளுவது, கத்தரிப்பது, பெட்டியில் அடுக்குவது எல்லாம் அவர்கள் கை.

பெங்களூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் கோப்பையில் ஊற்றிக் கொடுத்ததே ஒரு பெண்தான், யாரும் வம்பு பண்ணவில்லை, எல்லோரும் குடும்பமாக வந்திருந்தார்கள் என்றோம்.

"அங்கன ஊத்தட்டும் தம்பி. சாயங்காலம் அந்தப் பிள்ள வீட்டுக்குப் போற பஸ்ஸுல யாரு யாரு இருக்கான்னு கேட்டீகளா?" என்றார்.

நாங்கள் கேட்டிருக்கவில்லை.